மாண்டரினுக்கு முன்னால் கோபிபாட்: உப்புநீர்த் தொட்டியில் உயிருணவை நிலைக்கவைக்கும் வழி

கோபிபாட் என்ற பொடி நீர்வாழ் உயிரை ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினால், அதைத் தின்று வாழும் மாண்டரின் மீன் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பித்தான் பலரும் தொடங்குகிறார்கள். மீன் இரண்டு மூன்று நாள் சுறுசுறுப்பாகப் பாறையைக் கொத்தித் திரியும். பிறகு வயிறு ஒட்ட ஆரம்பிக்கும். உடனே இன்னொரு பாட்டில், அது தீர்ந்ததும் இன்னொன்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதைதான். பகல் முழுக்க விடாமல் கொத்தும் மீனுக்குப் பாட்டிலால் ஈடுகொடுக்க முடியாது. தொட்டிக்குள்ளேயே தின்னத் தின்னப் பெருகும் கூட்டம் இருந்தால்தான் முடியும். அந்தக் கூட்டம் உருவாக வாரக்கணக்கில் ஆகும். ஆகவே கோபிபாட் முதலில், மீன் கடைசியில். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே போகின்றன.

1. இனத்தை முடிவு செய்யுங்கள்

பாட்டிலில் வெறுமனே "கோபிபாட்" என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். இனத்துக்கு இனம் வேலை வேறு. மீன் தொட்டிக்கு வாங்குபவர்கள் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

டிஸ்பே: சிறியது, வெளிறிய நிறம். பாறை இடுக்கிலும் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டி ஊர்ந்து வாழும். கழிவுத்துகள், பாசிப்படலம் என எதையும் தின்னும். 25 டிகிரி செல்சியஸ் அளவில் குஞ்சு பொரித்து முதிர்ந்து முட்டை சுமக்க ஏறக்குறைய ஒன்றரை வாரமே பிடிக்கும். ஒளிந்து வாழ்வதால் மீனிடம் முற்றாக அழிந்துபோகாது. தொட்டியில் நிலைக்க வேண்டும் என்றால் இதுதான் அடிப்படை.

டிக்ரியோபஸ்: ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும், செந்நிறம், வெட்டி வெட்டி நீந்தும். வெறும் கண்ணுக்கே தெரியும் என்பதால் கடைகளில் இதற்குத்தான் கிராக்கி. ஆனால் வெட்டவெளியில் நீந்துவதால் மீன்கள் வெகு சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். உடனடித் தீனிக்கும் தனி வாளியில் வளர்ப்பதற்கும் அருமையான இனம். உப்பளவும் வெப்பமும் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தாங்கும். தொட்டியில் இதை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டம் நிலைக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

அபோசைக்ளோப்ஸ்: இரண்டுக்கும் நடுவில். குஞ்சுகள் நீரில் மிதந்து திரியும், பெரியவை அடிப்பரப்பிலும் இருக்கும். வெதுவெதுப்பான தொட்டிக்குப் பொருந்தும். பவளங்கள் பிடித்துத் தின்னவும் இதன் குஞ்சுகள் உதவும்.

பார்வோகலானஸ், அகார்ஷியா போன்ற மிதவை இனங்கள் மீன்குஞ்சு பொரிக்கவைத்து வளர்ப்பவர்களுக்கானவை. வளர்க்கச் சிரமம். புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

என் பரிந்துரை: தொட்டிக்கு டிஸ்பேயும் அபோசைக்ளோப்ஸும், வளர்ப்பு வாளிக்கு டிக்ரியோபஸ்.

2. தொட்டி தயாரா என்று பாருங்கள்

புதுத் தொட்டியில் கழிவை முறிக்கும் பாக்டீரியா நிலைபெறும் சுழற்சி முடிந்து அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். அதற்கு முன் விடுவது வீண். சுழற்சி முடிந்ததும் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் படலம் படியும். பலர் அதைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போவார்கள். கோபிபாட் விட அதுதான் சரியான நேரம், அந்தப் படலம் அவற்றுக்குச் சாப்பாடு. பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டுவிடுங்கள்.

இன்னொரு பொறி, அளவுக்கு மீறிய சுத்தம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் காட்டும் தொட்டியில் பாசி வளராது. பாசி இல்லாத இடத்தில் கோபிபாட் பட்டினி கிடக்கும். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

தொட்டியில் எப்போதாவது தாமிர மருந்து போட்டதுண்டா? பழைய தொட்டியைக் கைமாற்றாக வாங்கியிருந்தால் விற்றவரிடம் கட்டாயம் கேளுங்கள். பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடும். கோபிபாட் இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. தாமிரம் பட்டால் பிழைக்காது. பவளத்தில் வரும் செம்பூச்சிக்குப் போடும் மில்பெமைசினும் அப்படியே, பூச்சியோடு சேர்த்து இவற்றையும் கொன்றுவிடும்.

மீன் நுழைய முடியாத ஓரிடமும் வேண்டும். சம்ப் எனும் கீழ்த்துணைத் தொட்டியில் ரெஃப்யூஜியம் (மீன் புகாத தடுப்பறை) இருந்தால் சீட்டோ எனும் நூல்பாசி ஒரு பந்தும் கைப்பிடி உடைகல்லும் போட்டு, தொட்டி விளக்கு அணைந்த நேரத்தில் அங்கே விளக்கு எரியும்படி வையுங்கள். சம்ப் இல்லையென்றால் 2 முதல் 5 செ.மீ. அளவுள்ள பாறைத் துண்டுகளைப் பிளாஸ்டிக் வலைக் கூடையில் அள்ளி, பெரிய பாறைக்குப் பின்னால் மறைவாக வைத்தால் போதும்.

3. வாங்கும்போது என்ன கேட்பது, எந்தத் தாளைப் பார்ப்பது

லேபிளில் நான்கு விவரம் இருக்க வேண்டும்: இனத்தின் பெயர், அடைத்த தேதி, நீரின் உப்பளவு, எண்ணிக்கை. எண்ணிக்கையில் கொஞ்சம் விழிப்பு தேவை. சிலர் முதிர்ந்தவற்றை மட்டும் எண்ணிப் போடுவார்கள். சிலர் குஞ்சுகளையும் சேர்த்துவிடுவார்கள், எண் பல மடங்காகத் தெரியும். "இது முதிர்ந்ததா, எல்லாம் சேர்த்தா?" என்று கேட்டுவிட்டு விலையை ஒப்பிடுங்கள்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: மீன் இல்லாத அமைப்பில் வளர்த்ததா? மீன் தொட்டியிலிருந்து அள்ளிய நீரோடு வெண்புள்ளி நோய்க் கிருமியும் வந்து சேரலாம். கடலில் நேராக அள்ளி வந்து ஊற்றுவதும் இதே காரணத்தால் ஆபத்து. மீனை ஒட்டி இரத்தம் உறிஞ்சும் ஒட்டுண்ணி இனங்கள், பவளத்தைக் கொட்டும் ஹைட்ராய்டுகள், எல்லாமே அந்த ஒரு வாளியில் இருக்கக்கூடும்.

வேறு நாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், உயிரினங்களை இறக்குமதி செய்ய அனுமதிச்சீட்டு தேவையா என்று பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள். சுங்கத்தில் பெட்டி இரண்டு நாள் நின்றுவிட்டால் உள்ளே இருப்பது சாம்பல் நிறத் தண்ணீர்தான். வாரக்கடைசியில் வழியில் நிற்காதபடி வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். சென்றுசேரும் வரை உயிருக்கு உத்தரவாதம் தருபவராக இருந்தால், எத்தனை மணி நேரத்துக்குள் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையையும் படித்துவிடுங்கள். பலருக்கு அந்த உத்தரவாதம் கைநழுவுவது இங்கேதான்.

4. பாட்டில் கைக்கு வந்ததும்

மூடியைத் திறந்து முகருங்கள். கடல் வாடை இருந்தால் சரி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நாற்றம் இல்லையென்றால் மூடியைத் தளர்த்தி 20 நிமிடம் வையுங்கள். குளிரில் வந்தவை அசையாமல் அடியில் கிடக்கும், செத்துவிட்டதாக எண்ணிக் கொட்டிவிடவேண்டாம். பிறகு இருட்டறையில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். டிக்ரியோபஸ் என்றால் செம்புள்ளிகள் துள்ளும். டிஸ்பே என்றால் நடுநீரில் ஒன்றும் இருக்காது. பாட்டிலின் சுவரையும் அடியையும் பூதக்கண்ணாடியால் பார்த்தால் கண்ணீர்த்துளி வடிவில் வெண்பொடிகள் ஊர்வது தெரியும். சிலவற்றின் வால்பக்கம் முட்டைப்பை ஒன்று தொங்கும். அது தென்பட்டால் நல்ல சரக்கு.

அன்றே விட முடியாவிட்டால் டிக்ரியோபஸைக் குளிர்பெட்டியில் சில நாள் வைக்கலாம், தினமும் ஒருமுறை திறந்து காற்று மாற்றுங்கள். மற்ற இரண்டையும் குளிரில் வைக்கக்கூடாது.

5. தொட்டியில் விடும் முறை

இரவு, விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து. மீன்கள் தூங்கியிருக்கும், கோபிபாட் இடுக்குத் தேடி ஒளிய அவகாசம் கிடைக்கும். பகலில் ஊற்றினால் கண்முன்னே விருந்து நடக்கும்.

பாட்டிலைத் தொட்டியில் 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து, ஒப்படர்த்தியில் வித்தியாசம் 0.002-க்கு மேல் இருந்தால் பாட்டில் நீரை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பயண நீர் கலங்கியிருந்தால் 53 மைக்ரான் சல்லடையில் வடித்து, கோபிபாட்டை மட்டும் தொட்டி நீரில் அலசி விடுங்கள்.

கருவிகளை நிறுத்தும் வரிசையில் கவனம் தேவை. முதலில் நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரை அணைத்துவிட்டு, அப்புறம் சம்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்பை அணையுங்கள். ரிட்டர்ன் நின்றால் சம்பில் நீர்மட்டம் உயரும். ஸ்கிம்மர் ஓடிக்கொண்டிருந்தால் கழிவுக் கோப்பை பொங்கித் தரையில் வழியும். ரிட்டர்ன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நின்றால் போதும், ஸ்கிம்மர் நாலு மணி நேரம், யுவி விளக்கு ஒரு நாள். நீரை வடிகட்டும் துணிப்பையான ஃபில்டர் சாக்கை அன்றிரவு கழற்றிவிடுங்கள். பம்ப் சிறகில் அடிபட்டு மொத்தமும் செத்துவிடும் என்ற பயம் தேவையில்லை, பெரும்பாலானவை தப்பித்துவிடும். மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொள்வது சாக்தான்.

குழாய்த் துண்டு ஒன்றைப் பாறையின் அடிவரை இறக்கி அதன் வழியாக ஊற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கை ரெஃப்யூஜியத்திலோ கல்கூடையிலோ விடுங்கள். காலிப் பாட்டிலைத் தொட்டி நீரால் இரண்டு முறை அலசி அதையும் ஊற்றிவிடுங்கள். டிஸ்பே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

6. காத்திருப்பு: 8 முதல் 12 வாரம்

இரண்டு வாரம் கழித்து இன்னொரு பாட்டில் விட்டால் கூட்டம் சீக்கிரம் பிடிக்கும். இடையில் 100 லிட்டருக்கு 5 மி.லி. உயிருள்ள ஃபைட்டோவில் (மிதவை நுண்பாசி) தொடங்கி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறாமல் இருந்தால் 10 முதல் 20 மி.லி. வரை தினசரி கொடுக்கலாம். ஃபைட்டோவில் நனோக்ளோராப்சிஸ் இனம் மட்டும் போடாமல் ஐசோகிரைசிஸ் இனமும் கலந்து கொடுங்கள். முதலாவதில் ஈபிஏ எனும் ஒமேகா-3 கொழுப்பு அதிகம், டிஹெச்ஏ எனும் இன்னொரு ஒமேகா-3 கிடையாது. இரண்டாவது அந்தக் குறையைத் தீர்க்கும். கோபிபாட் எதைத் தின்கிறதோ அதுதான் கடைசியில் மீனுக்குப் போய்ச் சேர்கிறது.

கூட்டம் பெருகியதா என்று பார்க்க, விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பின்கண்ணாடியில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். உள்ளங்கை அகலத்தில் சட்டென்று இருபது முப்பது வெண்பொடிகள் எண்ண முடிந்தால் நல்ல நிலை. வளைந்த முதுகோடு அரை சென்டிமீட்டருக்கு மேல் இருப்பவை ஆம்ஃபிபாட். அவை இருப்பது நல்லதுதான், ஆனால் பெரியவை மாண்டரினின் சிறு வாய்க்கு அடங்காது, கணக்கில் சேர்க்காதீர்கள். வழுக்கிக்கொண்டு நகரும் தட்டையான பழுப்புத் துண்டுகள் தட்டைப்புழு.

7. மீனை விடுவது

மாண்டரினுக்கு முதிர்ந்த பாறைகள் நிறைந்த 300 லிட்டர் தொட்டி என்பது பழகிப்போன அளவுகோல். அதைவிடச் சிறிய தொட்டியில் முடியாதென்றில்லை, ஆனால் எட்டாம் படியில் சொல்லும் வளர்ப்பு வாளி கட்டாயம். ஸ்கூட்டர் பிளென்னி, பைப்ஃபிஷ், லெபர்ட் ராஸ் எல்லாம் இதே தீனிக்குப் போட்டி. ஆறுகோட்டு ராஸ் ஏற்கெனவே இருந்தால் பாதிக்குமேல் அதுவே தின்றுவிடும். ஒரே தொட்டியில் இப்படி இரண்டு மீன் வைப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

கடையில் மீனை மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் உடல் குறுகியிருந்தாலோ, பக்கவாட்டில் வயிறு உள்வாங்கியிருந்தாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் வாரம் ஒருமுறை அதே கோணத்தில் படமெடுத்து ஒப்பிடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரியாது. மெலிந்தால் அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சு நல்ல முட்டுக்கொடுப்பு. பொரித்த அன்றே கொடுத்துவிடுங்கள், நாள் கடந்தால் அதில் சத்து இராது.

8. தனி வாளியில் வளர்ப்பது

வேண்டியவை: உணவுத்தரப் பிளாஸ்டிக்கில் 10 லிட்டர் வாளி இரண்டு, சிறிய ஏர் பம்ப், விறைப்பான காற்றுக்குழாய், நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு, 53 மற்றும் 120 மைக்ரான் சல்லடை. வாளி ஒன்று போதாதா என்று கேட்காதீர்கள். ஒன்று எப்போதாவது சரியும், மற்றொன்றிலிருந்துதான் மீட்க வேண்டியிருக்கும்.

ஆர்.ஓ. நீரில் உப்பைக் கரைத்து ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்த புதுநீர்தான் நல்லது. ஒப்படர்த்தியைத் தொட்டிக்கு இணையாக 1.023 முதல் 1.025 வரை வையுங்கள். தொட்டி நீரை எடுத்து ஊற்றினால் ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரும் ஹைட்ராய்டும் கூடவே வரும். ரோட்டிஃபர் புகுந்துவிட்டால் கோபிபாட்டை முந்திக்கொண்டு பெருகி ஃபைட்டோ மொத்தத்தையும் காலி செய்துவிடும். வலை, சல்லடை, குழாய் எல்லாமே வாளிக்குத் தனி. ஒவ்வொரு வாளிக்கும் தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

வாளியில் 7 லிட்டர் நீர், ஒரு பாட்டில் டிக்ரியோபஸ். ஏர் ஸ்டோன் வேண்டாம். நுண்குமிழிகள் கால்களுக்கிடையே சிக்கி, கோபிபாட்டை மேற்பரப்பில் மிதக்கவைத்துக் கொன்றுவிடும். வெறுங்குழாயின் நுனி அடியைத் தொடும்படி வைத்து, நொடிக்கு இரண்டு மூன்று பெரிய குமிழி வந்தால் போதும். ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது ஒருவழி வால்வு போடுங்கள். மின்சாரம் போனால் நீர் குழாய்வழி கீழே இறங்கிவிடும். அறை வெளிச்சம் போதும், வெயில் நேராகப் படக்கூடாது. 20 முதல் 25 டிகிரி சரியான வெப்பம்.

தீனிதான் இதில் கைப்பழக்கம். உயிருள்ள ஃபைட்டோவை நீர் இளம்பச்சையாகும் வரை ஊற்றுங்கள். 7 லிட்டருக்கு 50 மி.லி. போட்டுப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். மறுநாள் ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெள்ளைத்தாள் முன் பிடித்துப் பாருங்கள். நிறம் வெளுத்திருந்தால் அடுத்த வேளை போடலாம். பச்சை அப்படியே இருந்தால் கைவைக்க வேண்டாம். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் கோபிபாட் சாகாது. மிஞ்சிய தீனி அழுகினால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். அதிலும் செறிவூட்டிய உயிரற்ற ஃபைட்டோ என்றால் சொட்டுக்கணக்குதான். அது தானாக வளராது, மிஞ்சினால் அழுகவே செய்யும்.

ஆவியாகிக் குறைந்த நீருக்குப் பதில் வெறும் ஆர்.ஓ. நீரை ஊற்றுங்கள், உப்புநீரை அல்ல. மட்டத்தை மார்க்கரால் வாளியில் கோடிட்டு வைத்தால் வேலை சுலபம். வாரம் ஒருமுறை அமோனியா பாருங்கள். 1 பிபிஎம் காட்டினால் 53 மைக்ரான் சல்லடை வழியாகப் பாதி நீரை மாற்றிவிடுங்கள். கடல்நீரின் பிஎச் 8-க்கு மேல் இருப்பதால் அமோனியாவின் நஞ்சு நன்னீரில் இருப்பதைவிட இங்கே கடுமை.

வாளியில் ஒட்டிய தாளில் தேதி, போட்ட தீனி, உப்பளவு, எண்ணிக்கை எழுதுங்கள். சரிந்த பிறகு காரணம் தேட அந்தத் தாள் ஒன்றுதான் துணை.

9. எண்ணி அறுவடை செய்யுங்கள்

முதல் மூன்று வாரம் தொடவேண்டாம். அப்புறம் வாளியை மெல்லக் கலக்கி, பத்து இடத்தில் 1 மி.லி. வீதம் எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி எண்ணுங்கள். பத்து மி.லி.யில் 20 இருந்தால் மி.லி.க்கு 2. அப்படியானால் 7 லிட்டரில் 14,000. அடியிலும் சுவரிலும் ஒட்டியவை விடுபடும், ஆகவே உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரே முறையில் எண்ணினால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும், நமக்கு வேண்டியது அதுதான்.

வாரம் ஒரு வாளியிலிருந்து கால்பங்கு நீரை 120 மைக்ரான் சல்லடையில் வடியுங்கள். முதிர்ந்தவை சல்லடையில் நிற்கும், குஞ்சுகள் கீழே இறங்கும். கீழே ஏந்திய நீரை வாளிக்கே திருப்பி ஊற்றிவிடுங்கள், அடுத்த மாத அறுவடை அதில்தான் இருக்கிறது. சல்லடையைத் தொட்டி நீரில் கவிழ்த்து அலசி, இரவில் தொட்டிக்குள். மறுவாரம் அடுத்த வாளி. எண்ணிக்கை இறங்குமுகமாக இருந்தால் அந்த வாரம் அறுவடை கிடையாது, மீன் எவ்வளவு ஏக்கமாகப் பார்த்தாலும்.

10. செலவு எங்கே போகும்

வாளி, பம்ப், சல்லடை எல்லாம் ஒருமுறைச் செலவு. தொடர்ந்து பணம் கேட்பது ஃபைட்டோதான். மாதம் ஒரு பாட்டில் கோபிபாட்டுக்கு மேல் தேவைப்படாத பெரிய தொட்டி என்றால் வளர்ப்பில் இறங்காமல் வாங்கிக்கொள்வதே மேல். அதற்கு மேல் போனால் வாளி சில மாதங்களில் தன் விலையை எடுத்துவிடும். ஃபைட்டோவையும் வீட்டில் வளர்த்தால் செலவு இன்னும் குறையும், ஆனால் வாளிக்குத் தினமும் ஆகும் பத்து நிமிட வேலை இருபதாகும். வாங்கிய ஃபைட்டோ பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்துத் தினமும் குலுக்கிவிடுங்கள். அடியில் படிந்தது செத்துக் கெடும்.

11. வாளி சரிந்தால்

நீர் பால்போல் கலங்கி நாற்றமடித்து, கோபிபாட் எல்லாம் அடியில் கிடந்தால் பதறி மொத்தத்தையும் கொட்டாதீர்கள். மேல்நீரை ஊற்றிவிட்டு அடிச்சகதியை 53 மைக்ரான் சல்லடையில் வடித்து, அதே உப்பளவுள்ள புதுநீரில் அலசி, சுத்தமான வேறு வாளியில் விடுங்கள். முட்டை சுமந்த பெண் கோபிபாட்டும் குஞ்சும் சகதியில் மிஞ்சியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஃபைட்டோ மிகச் சிறிதளவு, குமிழி வழக்கம்போல. பத்து நாள் வரை ஒன்றும் தெரியாவிட்டால் இரண்டாம் வாளியிலிருந்து கால்பங்கை மாற்றுங்கள். பழைய வாளியையும் குழாயையும் லிட்டருக்கு 10 மி.லி. வாசனை சேர்க்காத பிளீச் கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நன்றாகக் கழுவி, வாடை முற்றும் போகும் வரை காயவிட்டு, அதற்கு அப்புறமே மீண்டும் எடுங்கள்.